அம்மன் சன்னதியில் பூக்கட்டி முடிவான குடிநீர்த் தொட்டி

அனுப்புநர்
வனிதா, க/பெ. கார்த்தி,
தோட்டத் தொழிலாளி,
லைன் வீடுகள், மூங்கில்பாறை,
கொட்டச்சேடு வழி, ஏற்காடு வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம்.

பொருள்: கிராம சபைக் கூட்டத்தைக் கோயிலுக்குள் நடத்தி, குடிநீர்த் தொட்டி யாருக்கு என்பதைப் பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்தது – அதை ரத்து செய்து, பொது இடத்தில் மறுபடியும் கூட்டம் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சாமி கும்பிடுகிறவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்த்தியை எனக்குக் கட்டலாமா என்று என் வீட்டார் பூக்கட்டிக் கேட்டதும் இதே மாரியம்மன் சன்னதியில்தான். உத்தரவு கிடைத்தது, கல்யாணம் நடந்தது, பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆகவே இம்மனு அம்மனுக்கு எதிரானது என்று தயவுசெய்து யாரும் எண்ண வேண்டாம்.

2. எங்கள் ஊராட்சிக்கு இவ்வாண்டு ஒரே ஒரு குடிநீர்த் தொட்டி வந்துள்ளது. ஓடைக்கு அந்தப் பக்கம் விவசாயிகள் வாழும் ஊர்; இந்தப் பக்கம் எஸ்டேட் வேலைக்காரர்களாகிய எங்கள் லைன். ஊர்க் கிணறு கோடையில் வற்றுகிறது, அது உண்மை. எங்களுக்கோ கிணறே இல்லை. ஓடையில் இறங்கித்தான் குடம் தூக்க வேண்டும். சென்ற மாதம் என் நாத்தனார் மருதாயி பாசியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். இந்த வருடம் காப்பிப் பழம் பறிக்க அவரால் போக முடியாது.

3. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பள்ளி மைதானத்தில் கிராம சபை கூடியது. மழை பிடித்துக்கொண்டதும், நனையாமல் பேசலாம் என்று ஊராட்சித் தலைவர் எல்லோரையும் கோயில் மண்டபத்துக்கு அழைத்தார். நல்ல எண்ணத்தில்தான் அழைத்தார். ஆனால் வீட்டுக்கு விலக்கான பெண்கள் மதிலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். ஜீப் ஓட்டும் ஜாபெஸ் எங்கள் லைன்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். வாங்க வாங்க என்று கூப்பிட்டும் கூச்சப்பட்டு வெளியே குடை பிடித்து நின்றார். அவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் கேட்கப் போயிருந்தோம்.

4. உள்ளே வாக்குவாதம் முற்றியது. சண்டை வேண்டாம், அம்மாவையே கேட்டுவிடலாம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன். சன்னதியில் நின்றுகொண்டு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளைப் பூ ஊருக்கு, சிவப்புப் பூ லைனுக்கு என்று இரண்டு இலைப் பொட்டலங்கள் கட்டினார்கள். குழந்தை கை எடுக்க வேண்டும் என்பது வழக்கம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இலக்கியாவைக் கூப்பிட்டார்கள். அவள் எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ இருந்தது. கிராம சபை ஏகமனதாக முடிவு செய்தது என்று எழுதிவிட்டார்கள்.

5. அன்று முதல் என் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "நாந்தான் தண்ணிய அவங்களுக்குக் குடுத்துட்டனாம்மா?" என்று கேட்கிறாள். தலைவர் தவறாக முடிவெடுத்தால் தங்களிடம் முறையிடலாம். தாங்கள் தவறினால் நீதிமன்றம் போகலாம். அம்மன் முடிவெடுத்தாள் என்றால் நான் யாரிடம் போவது? அவள்மேல் மனுப் போட எனக்கு மனமும் இல்லை, அதற்கொரு ஆபீசும் இல்லை. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை அம்மன் தலையிலும் ஏழு வயதுக் குழந்தையின் கையிலும் சுமத்தியது சரியா?

6. நாளைக்கு ஜாபெஸ் போகும் சர்ச்சில் கிராம சபை கூடி, ஜெபம் செய்து தொட்டிக்கு இடம் குறித்தால் நான் ஒத்துக்கொள்வேனா என்று யோசித்துப் பார்த்தேன். மாட்டேன். அப்படியிருக்க அவர் மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? மதச் சார்புள்ள வளாகங்களில் கிராம சபை நடத்தக்கூடாது என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் நோட்டீசே ஒட்டியிருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகுதான் அதை நாங்கள் படித்தோம்.

7. இனி நல்ல சேதி. கோயில் பூசாரி சித்தன் அவர்கள் ஊர்க்காரர். தொட்டி அவர் பக்கம்தான் போயிருக்கிறது. இம்மனுவுக்குக் கைரேகை கேட்கப் பயந்துகொண்டே போனேன். "கலியாணங் காச்சி, மழை தண்ணி, எல்லாம் அம்மாகிட்டக் கேளுங்க கண்ணு. தொட்டி கேக்கறதுக்கு ஆபீசு இருக்குதுங்கல்ல?" என்று சொல்லி, முதல் ஆளாக அவரே வைத்தார். அவரைப் பார்த்து ஊரிலும் பலர் கையெழுத்துப் போட்டார்கள். தலைவரும் கோபப்படவில்லை. மறுகூட்டத்துக்குத் தங்கள் உத்தரவு வந்தால் போதும் என்கிறார். மழை வந்தால் பள்ளி மைதானத்தில் கட்ட ஜாபெஸ் தார்ப்பாய் தருகிறார், ஊர்க்காரர்கள் மூங்கில் வெட்டித் தருகிறார்கள்.

8. ஆகவே அந்தத் தீர்மானத்தை ரத்து செய்து, அக்டோபர் இரண்டாம் தேதிக் கூட்டத்தைப் பள்ளி மைதானத்தில் நடத்தவும், இரு பக்கத் தேவையையும் அதிகாரிகள் நேரில் பார்த்துச் சொன்ன பிறகு கை தூக்கி முடிவெடுக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தொட்டி எங்களுக்குத்தான் வர வேண்டும் என்று தங்களிடம் கேட்கவில்லை. கை குறைந்து நாங்கள் தோற்றாலும் தோற்கட்டும். மனிதர்களிடம் தோற்றால் அடுத்த கூட்டத்தில் எழுந்து மறுபடியும் கேட்பேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

இடம்: மூங்கில்பாறை
நாள்: 19.08.2024

இப்படிக்கு,
வனிதா