மலாயில் சொல்லுங்கள், அண்ணா

காஜா பேராங், மலாக்கா
6.6.1943

அன்புள்ள தங்கச்சி அஞ்சலைக்கு,

அண்ணன் தேவதாஸ் எழுதுவது. மாப்பிள்ளை நலம். ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிப்பவர்கள், தோட்டத்தைவிட்டு ஓடிவந்த தமிழாட்களைத் தேடித் தெருத்தெருவாக வருகிறார்கள். அதனால் உன் அண்ணி ஜெயாவின் தம்பி என்று சொல்லி அவரை வைத்திருக்கிறோம். அவள் ஆட்களான மலாக்காச் செட்டிகளுக்குத் தமிழ் வராதே! வீட்டிலும் அவரோடு மலாய்தான்.

நன்றாகவே பேசுகிறார். கிழங்கை எண்ணச் சொன்னால் மட்டும் ஒன்று, இரண்டு என்கிறார். நேற்று கதவில் விரல் நசுங்கி "அம்மா!" என்று கத்திவிட்டார். "அடோய் என்று கத்து" என்று ஜெயா பிடித்த பிடி இருக்கிறதே! இவருக்கு மலாய் வாயில் இருக்கிறது, தமிழ் வயிற்றில் இருக்கிறது என்கிறாள்.

கடிதம் காய்கறி வண்டிக்காரர் கையில் வருகிறது. படித்ததும் எரித்துவிடு.

தேவதாஸ்

ஜாசின்
29.6.1943

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாமியார் நேற்று காய்ச்சலில் போய்விட்டார்கள். மருந்தில்லை. கடைசிவரை "அப்பாசாமி எங்கே?" என்றே கேட்டார்கள். பெற்ற பிள்ளை இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர்தான் கொள்ளி வைத்தார்.

அவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் மலாயிலேயே சொல்லுங்கள், அண்ணா. போன வருஷம் என் மகன் இறந்ததை ஆஸ்பத்திரியில் மலாயில்தான் சொன்னார்கள். புரிந்தது, அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து மாமியார் "புள்ள போயிட்டானா?" என்று கேட்ட பிறகுதான் கீழே விழுந்தேன்.

அஞ்சலை

காஜா பேராங்
5.7.1943

தங்கச்சி,

நீ சொன்னபடி மலாயில்தான் சொன்னேன். மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டுக் கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளும் அப்படியே இருந்தார். பெற்றவள் செத்ததற்கு மனுஷன் இப்படியா இருப்பான் என்று எனக்குக் கோபமே வந்தது. இன்று காலை, "மாப்ள, ஒங்க அம்மா போயிட்டாங்க" என்று தமிழில் சொன்னேன்.

"என்னப் பெத்த அம்மா!" என்று அவர் போட்ட சத்தம் தெங்கேராவரை கேட்டிருக்கும். தெருமுனையில் ஆள் பிடிப்பவர்களின் லாரி நின்றது எனக்குத் தெரியாது. என் தம்பி என்று ஜெயா மலாயில் சத்தியம் செய்தாள். அவரோ தமிழில் அழுதுகொண்டே இருந்தார். லாரியில் ஏற்றும்போதும் நிறுத்தவில்லை. வேலைச் சீட்டு இருந்ததால் என்னை விட்டுவிட்டார்கள்.

உன் பேச்சைக் கேட்காத பாவி நான். என்ன வேண்டுமானாலும் திட்டு.

தேவதாஸ்

ஜாசின்
20.7.1943

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்ட வாய் வரவில்லை. அம்மாவுக்கு அவர் அழுதாரே என்று ஒரு பக்கம் ஆறுதலாகக்கூட இருக்கிறது.

சயாமுக்குப் போன எங்கள் தோட்டத்து ஆட்களில் ஒருவரும் திரும்பவில்லை. நான் படுத்துவிட்டால் சின்ன மகளுக்குக் கஞ்சி காய்ச்ச ஆளில்லை. அவரைப் பற்றிச் சேதி வந்தால் மலாயில் எழுதுங்கள். அதுவரை தமிழில் எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

அஞ்சலை