குழு மூடுவதற்கு முன்

மார்ச் 3, செவ்வாய்
துணிக்கடையில் இன்று கூட்டமில்லை. சும்மா போனைத் திறந்தால், எங்கள் குழுவின் முகப்பில் ஓர் அறிவிப்பு. இந்த மாதத்தோடு கலந்துரையாடல் குழுக்களை எல்லாம் மூடுகிறார்களாம், இணையதளத்தை நடத்துபவர்கள். பழைய பதிவுகளும் போய்விடும். இலவசமாக இடம் கொடுத்தவர்களிடம் என்னவென்று சண்டை போடுவது?

என் மகள் அனுவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஏழு வயது. நான் அழுததெல்லாம் அங்கேதான். இன்சுலின் போடும் பிள்ளைகளின் அம்மாக்கள் நாங்கள். ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாது. நான் அங்கே 'தாழம்பூ'. இப்போது குழுவைப் பார்த்துக்கொள்வதும் நான்தான்.

மார்ச் 5, வியாழன்
வாட்ஸ்அப்புக்குப் போகலாம் என்கிறார்கள். 'மல்லி' மட்டும் எழுதினாள்: "அதுல நம்பர் தெரியும்க்கா. பாப்பாவுக்குச் சுகர்னு என் மாமியார் வீட்ல யாருக்கும் தெரியாது. நான் வரல."

பாப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினால் இனி யாரைக் கேட்பாள்?

மார்ச் 9, திங்கள்
பழைய பதிவுகளை நகல் எடுக்க உட்கார்ந்தேன். கல்யாணச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஊசி, பள்ளிச் சுற்றுலாவுக்கு என்ன கொடுத்தனுப்புவது, புருஷன் பேசாமலிருந்தால் என்ன செய்வது... பாதியில் கை நின்றது. யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பி எழுதியவை. நான் எடுத்து வைத்துக்கொள்ளலாமா? குழுவிலேயே கேட்டேன். சிலர் சரி என்றார்கள். பலரிடமிருந்து பதிலே இல்லை. சரி என்றவர்களின் பதிவுகளை மட்டும் எடுத்தேன்.

மார்ச் 12, வியாழன்
என் பெயர், ஊர், எண்ணை முகப்பில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. வர முடியாதவர்கள் என்றைக்காவது கூப்பிடட்டும். என் வீட்டுக்காரர் சேரனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளினார்.

"உனக்கு இன்னா பைத்தியமா? ஊருக்கே தெரிஞ்சிடும். நாளைக்கு அனுவுக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு வேணாமா?"

கெட்ட மனுஷன் இல்லை. பயம். எனக்கு மட்டும் பயம் இல்லையா என்ன — அய்யோ, நானும்தானே இத்தனை வருஷமா வாயைத் திறக்கல!

அனு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். "நைனா, ஊசி குத்திக்கிறது நானு. அம்மா நம்பரப் போடட்டும்."

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மார்ச் 31, செவ்வாய்
போட்டுவிட்டேன். 'தாழம்பூ என்கிற சுமலதா, செஞ்சி.' கீழே எண். மல்லி பார்த்தாளா, தெரியாது.

ஏப்ரல் 1, புதன்
பக்கம் திறக்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்
வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர்கூட இல்லை. காலை வணக்கப் படங்கள்தான் வருகின்றன. பெயர் தெரிந்த இடத்தில் யாரும் அழுவதில்லை போலிருக்கிறது. வேர் மருந்து விற்கிறவன் ஒருவன் எனக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்கிறான்.

"அந்தப் பொண்ணு பேசுச்சா?" என்று சேரன் தானாகவே கேட்டார். மல்லியைத்தான். இல்லை என்றேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு
சாயங்காலம் தெரியாத எண். மல்லி இல்லை. அவலூர்பேட்டை கலைச்செல்வியாம். குழுவில் ஒரு வரிகூட எழுதியதில்லை, படிக்க மட்டும் செய்வாளாம். மகளின் இன்சுலின் பாட்டில் விழுந்து உடைந்துவிட்டது.

"மருந்துக்கடை சாத்திட்டாங்கக்கா. ராத்திரிக்குப் போடணும்." அழுதுகொண்டே சொன்னாள்.

மருந்தின் பெயரைச் சொல்லச் சொன்னேன். அனுவுக்குப் போடுவதேதான். ஃப்ரிட்ஜில் பிரிக்காத பாட்டில் ஒன்று இருந்தது. சூடு படாமல் பிளாஸ்க்கில் வைத்தேன். இந்நேரத்துக்கு பஸ் கிடைக்குமா என்று நான் யோசிப்பதற்குள் சேரன் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

வாசலில் எதிர்வீட்டு இளையபெருமாள் அண்ணன். "இன்னா சேரா, பிளாஸ்க்கத் தூக்கினு எங்க கிளம்பிட்ட?"

நான் கதவருகே அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்சுலின்ணா. எங்க அனுவுக்குப் போடறது. அவலூர்பேட்டைல ஒரு பொண்ணுக்கு அவசரமா வேணுமாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.