அப்பா சாட்சி சொன்ன கட்டி

அன்புள்ள மகன் நெல்வினுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட் வெயிலில் கர்த்தர் உனக்கு நிழலாய் இருக்கட்டும், இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் உங்கப்பா என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை, அதனால் இதை எழுதி, பக்கத்து வீட்டு நர்ஸ் ஜாஸ்மினிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அவர் பிடரிக்குக் கீழே இருந்த கட்டி, தோல் பதனிடும் ஷெட்டில் ஈரத்தோல் சுமந்ததால் வந்தது என்றுதான் நினைத்தோம். போன வருஷம் உபவாச ஜெபத்தில் சபையார் கை வைத்து ஜெபித்த வாரமே அது உடைந்து, திரிந்த பால் மாதிரி நாற்றமாய் வெளியே வந்து வற்றிப்போனது. மனுஷன் உடனே சபையில் எழுந்து நின்று, கர்த்தர் கட்டியைக் கரைத்துவிட்டார் என்று சாட்சி சொல்லிவிட்டார். அப்புறம் அது மறுபடி ஊறித் தேங்காய் அளவுக்கு வந்தது, ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று எவ்வளவோ கெஞ்சினேன். சாட்சி சொல்லிட்டு இன்னா மூஞ்சிய வெச்சிகினு போறது, சும்மா பேஜார் பண்ணாத என்று துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். சீழ் பிடித்துக் காய்ச்சலில் கிடந்த பிறகுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தோலுக்கடியில் ஒரு பை உண்டாகி, உதிர வேண்டிய தோலெல்லாம் அதற்குள்ளேயே சேருமாம், சுமையால்தான் வந்தது என்று சொல்ல முடியாதாம், உள்ளே இருப்பது வெளியே போனாலும் பை இருக்கிற வரைக்கும் திரும்ப நிரம்புமாம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாங்க. முதலில் சீழ் வற்ற மருந்து கொடுத்து, பிறகு பையோடு அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தையலும் பிரித்தாயிற்று, அப்பா பிடரியைத் தடவித் தடவிச் சிரிக்கிறார்.

நெல்வின், நேற்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாங்க, அந்தப் பையின் சுவரில் புற்று இருக்கிறதாம். எங்கோ ஒருத்தருக்குத்தான் அப்படி ஆகுமாம், அது நம்ம வீட்டுக்கா வரணும். மறுபடி அறுக்கணும், கழுத்தையும் ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும், தாமதிக்கக் கூடாது என்றாங்க. அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவரோ வர்ற ஞாயிறு மறுபடி சாட்சி சொல்லப் போகிறார். போன தபா அவசரப்பட்டுட்டேன், இந்த தபா வேரோட போய்ட்டுதுன்னு சொல்றேன் என்கிறார், பாஸ்டரிடமும் சொல்லிவிட்டார். இன்னொரு தரம் அங்கே நின்று சொல்லிவிட்டாரானால் அப்புறம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார், அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும். என் பேச்சு ஏறாது, நீ சொன்னால் கேட்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, உன் உடம்பில் எது தடித்தாலும் துண்டு போட்டு மூடாதே. கர்த்தருடைய கரம் உன்மேல் இருப்பதாக. சனிக்கிழமைக்குள் அப்பாவுக்குப் போன் பண்ணு, சாட்சிக்கு உடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு வைத்துவிட்டார்.

உன் அம்மா,
கிரேஸி தேவானந்தம்,
ஆம்பூர்.