தண்ணீருக்குள் உதைத்த கால்

இன்று காலை குழாயைத் திறந்ததும் நீ வந்துவிட்டாய். நேற்று எங்கள் செம்பூர் கட்டிடத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். கழுவியவர்களுக்குக் கை தாராளம், ப்ளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாளி நிறைவதற்குள் குளியலறை முழுக்க அந்த வாடை. வேறு யாராவது என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொஸைட்டி செக்ரட்டரிக்குப் போன் போட்டிருப்பார்கள். நான் முக்காலியில் உட்கார்ந்து வேண்டுமென்றே இழுத்து இழுத்து மோந்தேன். தை மாதம் உன் மகன் போன் செய்து நீ போய்விட்டாய் என்று சொன்னபோது வராத அழுகை, இந்த வாடைக்கு வந்தது.

உன்னை நீ என்றுதான் எழுதப் போகிறேன். என்னைவிட நான்கு வயது மூத்தவளை நான் நீ என்பேன், நீ என்னை நீங்க என்பாய். மாதுங்காவில் ஆபீஸ்காரர் வீட்டுப் பெண் நான், தாராவியிலிருந்து வேலைக்கு வருகிறவள் நீ. அதுதான் வழக்கம் என்று இரண்டு பேருமே இருந்துவிட்டோம். பல வருஷம் கழித்து அக்கா என்று மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தேன். "இதென்ன புதுசா, எனக்குக் கூச்சமால்லா இருக்கு" என்று சிரித்துவிட்டாய். அதனால் பழையபடியே இருக்கட்டும்.

அறுபதுகளின் நடுவில், ஒரு மழைக்காலம். ராஜிக்கு ஒன்றே முக்கால் வயது. காய்ச்சல் வந்தது, நான்கு நாளில் இறங்கியது, வலது கால் மட்டும் எழவில்லை. வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த குழந்தை தரையில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து நகர ஆரம்பித்தாள். போலியோ என்றார் பார்சி டாக்டரம்மா. சில மாதம் கழித்து, "தரையில் தூக்காத காலைத் தண்ணீரில் தூக்குவாள். வாரம் மூன்று நாள் நீச்சல் குளத்தில் இறக்கு. மூன்று வயதுக்குள் அந்தக் கால் அசையத் தொடங்கினால் நடந்துவிடுவாள்" என்றார். அசையாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவருடைய அறை மூலையில் இரும்புப் பட்டை வைத்த குட்டிக் குட்டி பூட்ஸுகள் வரிசையாக இருந்தன.

குளத்தில் பெண்களுக்கு மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை. அந்த நேரத்தில் ஆண்கள் வாசலைக்கூட மிதிக்க முடியாது. இவருக்கோ ஃபோர்ட்டில் ஆபீஸ். ஆகக் குழந்தையும் நானும்தான். எனக்கு நீச்சல் தெரியாது, கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதும் கிடையாது. ஆனாலும் ஒரு கையில் மண்ணெண்ணெய் டின், மறு கையில் குழந்தை என்று மூன்று மாடி ஏறுகிறவள், இதெல்லாம் ஒரு வேலையா என்று கிளம்பிவிட்டேன்.

பெண்கள் பகுதி வாசலில் ஸ்டூல் போட்டு, பித்தளை டோக்கன்களைக் கம்பியில் கோத்து மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். முதலில் என்னிடம் ஹிந்தியில்தான் பேசினாய். நான் ராஜியைத் தமிழில் அதட்டியது காதில் விழுந்ததும் முகம் மாறிவிட்டது.

"தமிழா? நல்லதாப் போச்சு. சேலையோடயா இறங்கப் போறீய? நனைஞ்சா அதுவே ஒங்கள அமுக்கிரும்லா."

மறுநாள் என் கறுப்புப் பாவாடை ஒன்றை வாங்கி, நடுவில் வெட்டி, இரண்டு காலாகத் தைத்துக் கொண்டுவந்தாய். அதையும் ரவிக்கையையும் போட்டுக்கொண்டு நின்ற கோலத்துக்கு, சர்க்கஸில் போய் வேலை கேட்டிருந்தால் உடனே கொடுத்திருப்பார்கள். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நானும்தான்.

உடை மாற்றும்போது குழந்தையை எங்கே விடுவது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. தரையெல்லாம் ஈரம். பெஞ்சில் வைத்தால் சரிந்து விழுவாள். வேலைக்காரர்கள் யார் குழந்தையையும் கையில் வாங்கக் கூடாது என்று உங்கள் மேற்பார்வைக்காரி, நீங்களெல்லாம் பெரிய பாய் என்கிறவள், உத்தரவு போட்டிருந்தாள். நீ போய்த் தரை கழுவும் பெரிய தகர வாளியை அலம்பிக் கொண்டுவந்து வைத்தாய். "இதுக்குள்ள இருக்கட்டும். கையில வாங்கத்தான கூடாது? வாளி வாங்கலாம்லா." ராஜி அதற்குள் உட்கார்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, வருகிற போகிற பெண்களையெல்லாம் அதிகாரம் செய்தாள்.

மூன்று வாரத்தில் எனக்குத் தொழில் படிந்துவிட்டது. ஆழம் குறைந்த பக்கம் ஏணியில் பின்பக்கமாக இறங்க வேண்டும். குழந்தை இடுப்பில். இடுப்பளவு தண்ணீரில் சுவர் ஓரமாக நின்று, அவள் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, தண்ணீரின் மேல் படுக்க வைக்க வேண்டும். இடது கால் படபடவென்று அடிக்கும். வலது கால் பின்னாலேயே சும்மா மிதந்து வரும். நீ தினமும் ஸ்டூலை விட்டு எழுந்து குளத்தோரம் வந்து ஒரு பார்வை பார்ப்பாய். நானும் தலையை ஆட்டுவேன், இன்னும் இல்லை என்று.

அப்புறம்தான் என் புத்திசாலித்தனம். பாலக்காட்டிலிருந்து யார் பம்பாய் வந்தாலும் அவர்கள் கையில் என் மாமியார் தன்வந்தரம் குழம்பு என்கிற மூலிகை எண்ணெய் ஒரு குப்பி கொடுத்தனுப்புவார். காலில் தினமும் தேய்க்க வேண்டும். சாயங்காலம் தேய்த்துக்கொண்டிருந்தவள், சூடு பிடித்த கால் தண்ணீரில் நன்றாக அசையுமே என்று அன்றைக்குக் கிளம்பும் முன்பே தேய்த்தேன். காலுக்கு மட்டும் என்ன கணக்கு என்று உடம்பு முழுக்கத் தேய்த்தேன். குளத்தில் இறங்கும் முன் ஷவரில் நிற்க வேண்டும் என்பது விதி, நின்றோம். அந்தக் குழம்பு ஷவருக்கு மசிகிற சரக்கா?

தண்ணீரில் படுக்க வைத்து இரண்டு எட்டு நடந்தேன். சோப்புக்கட்டி நழுவுவது போல என் கையிலிருந்து நழுவினாள். முழுகிவிட்டாள். குனிந்து பிடித்தேன், தோள் வழுக்கியது. மறுபடி பிடித்தேன், கால் கிடைத்தது, அதுவும் வழுக்கியது. எண்ணெய்ப் படலம் மேலே விரிந்து ஒன்றும் தெரியவில்லை. நான் கத்தினேனா என்றுகூட நினைவில்லை. உன் குரல்தான் கேட்டது.

"அரணாக்கயிற பிடிங்க! இடுப்புல அரணாக்கயிறு!"

அவள் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தோம். பட்டிக்காட்டுத்தனம், அறுத்துப் போட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்த கயிறு. விரல் அதில் மாட்டியது. ஒரே இழுப்பு. ராஜி வெளியே வந்து, இருமி, தண்ணீரைக் கக்கி, பிறகு குளம் அதிரும்படி அழுதாள். பத்து எண்ணுவதற்குள் நடந்து முடிந்த விஷயம். நீ சேலையைத் தூக்கிச் செருகி, ஏணியின் முதல் படியில் காலை வைத்திருந்தாய். பதினொரு வருஷம் அந்தக் குளத்தில் வேலை பார்த்த உனக்கும் நீச்சல் தெரியாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பெரிய பாய் வந்து தண்ணீரில் மிதந்த எண்ணெயைப் பார்த்தாள். "பச்சீ கோ தேல் லகாகே லாயி?" குழந்தைக்கு எண்ணெய் தடவியா கொண்டுவந்தாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் பாஸைக் கிழித்துவிடுவேன் என்றாள். யாருக்கும் ஒரு வார்த்தை மிச்சம் வைக்காதவள் நான், அன்று குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் நான் குளத்துக்கு வரவில்லை. இவரிடம் குழந்தைக்கு ஜலதோஷம் என்று பொய் சொன்னேன். அவளைத் தூக்கும்போதெல்லாம் என் கையைத்தான் பார்த்தேன். டாக்டரம்மா கொடுத்த கெடுவில் இரண்டு வாரம் போய்க்கொண்டிருப்பது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கையை நம்பி மறுபடி தண்ணீரில் இறங்க எனக்குத் துணிவில்லை.

குளத்துக்கு லீவு நாளில் நீ தாராவியிலிருந்து நடந்து வந்தாய். மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க வாசலில் நின்றாய். உள்ளே கூப்பிட்டேன். காபி கலந்துவிட்டு எந்த டம்ளரில் ஊற்றுவது என்று ஒரு கணம் நின்றேன். நீ அதைப் பார்த்தாய். "தண்ணி போதும்மா" என்றாய். எங்கள் டம்ளரிலேயேதான் கொடுத்தேன். இருந்தாலும் அந்த ஒரு கணம் நின்றது நின்றதுதான், அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"ஏன் வரல?" என்றாய்.

"என் கை நழுவிடுத்து, நீதான் பார்த்தியே. இன்னொரு தடவை நழுவினா என்ன பண்ணுவேன்?"

"நீங்க ஒங்க கையப் பாத்துக்கிட்டு இருந்தீய. நான் மேல நின்னு பிள்ளையப் பாத்தேன். தண்ணிக்குள்ள போனால்லா, அப்ப வலது கால வச்சு எத்துனா. ரெண்டு தரம் எத்துனா. நான் பாத்தேன்."

நான் வலதா, இடதா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் வலதுதான் என்றாய். பிறகு மடியிலிருந்து பழைய சேலைத் துணியில் பின்னிய கயிற்றை எடுத்தாய். என் விரல் பருமன், முதுகுப் பக்கம் கை நுழைகிற வளையம். "அரணாக்கயித்துல விரல்தான மாட்டும். இதுல கையவே விடலாம். எண்ணெய மட்டும் சாயங்காலம் தேய்ங்க" என்றாய்.

மறுநாள் இரண்டு மணிக்கு ராஜி வாளியில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாள்கூட விடவில்லை. மழை கொட்டினாலும் வந்தேன். பெரிய பாய் முறைத்தபோது திருப்பி முறைத்தேன். கயிற்றில் கையைக் கோத்துக்கொண்டு, "ராஜி, உள்ளே உதைச்சியே, அதை வெளியிலே உதை" என்று ஓயாமல் சொன்னேன். ஒரு முறை உதைத்த கால் இன்னொரு முறை உதைக்காமல் எங்கே போகும் என்ற தெம்பு எனக்கு வந்துவிட்டது. மூன்று வயதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, குளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வலது காலால் அடித்த தண்ணீர் கரையில் நின்ற உன் மேல் தெறித்தது. நீ நகரவே இல்லை. மூன்று வயது முடிந்த வாரம், வாளியிலிருந்து உன் ஸ்டூல் வரைக்கும் நான்கு எட்டு நடந்தாள். கால் மெலிசுதான், நடையில் சாய்வு உண்டுதான். அந்தச் சாய்ந்த நடையோடு முப்பது வருஷம் காட்கோபர் ஸ்டேஷனில் ரயில் பிடித்து ஆபீஸ் போனாள்.

அவள் கல்யாணத்துக்கு நீ வந்தாய். முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய். கை கழுவும் இடத்தில் உன்னை மடக்கிக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. அன்னிக்குத் தண்ணீருக்குள்ளே கால் உதைச்சுதா? அவ்வளவு எண்ணெயிலே உனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

நீ கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய். "அதக் கேட்டு இப்ப என்ன செய்யப் போறீய? பிள்ள நடந்து வந்துல்லா தாலி கட்டிக்கிட்டா."

நீ பின்னிய கயிறு என் அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. உன் பதில் மட்டும் இல்லை.

ராஜிக்கு இப்போது அறுபது ஆகிறது. அந்த வலது கால் மறுபடி ஓய்ந்துவிட்டது. போன மாதம் மாடிப்படியில் விழுந்து முட்டியில் ஆபரேஷன், என்னிடம்தான் இருக்கிறாள். வாக்கர் இல்லாமல் நடந்து பழகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள், பயம். இன்று உன்னை நினைத்து அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். வாக்கரை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி இரண்டு எட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது. அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

"அம்மா, வலது கால் தரையை விட்டுத் தூக்கித்தா, இல்லே இழுத்துண்டுதான் வந்தேனா?"

என் மூக்குக் கண்ணாடி குளியலறையில் முக்காலியின் மேல் இருந்தது. அது இல்லாமல் எனக்கு ராஜியே ஒரு நீலநிற நைட்டிதான்.

"தூக்கினே," என்றேன். "ரெண்டு தடவை தூக்கினே. நான் பார்த்தேன்."

என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அன்றைக்கு உன் குரலும் நடுங்கவில்லை. ராஜி சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு இன்னொரு எட்டு வைத்தாள்.