நான் ஆட்டிய மவுஸ்

ஐப்பசி கடைசி புதன்.

மருமகள் ஸ்டெல்லா மன்னார்குடி வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு மணிக்கு இவ்வளவு என்ற சம்பளத்தில் சாப்ட்வேர் வேலை செய்கிறாள். கம்ப்யூட்டரில் ஒரு கடிகாரம் உண்டு. கீபோர்டிலோ மவுஸிலோ கை அசைந்தால் ஓடும். யோசித்தபடி உட்கார்ந்தால் நின்றுவிடும். நின்ற நேரத்துக்குப் பில் போட முடியாது.

"நடவுல நிமிர்ந்தா கூலி வெட்டுற பண்ணையாரோட காரியக்காரன், செத்தும் உன் பொட்டிக்குள்ள வந்து உக்காந்திருக்கான்" என்று சீண்டுவேன். சிரிப்பாள்.

இன்று ஏதோ சிக்கலை யோசித்துக்கொண்டே கொல்லையில் நடந்தாள். உள்ளே கடிகாரம் நின்றுகிடந்தது. காரியக்காரனை ஏமாற்றுகிற குஷியில், அவள் வரும்வரை மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் ஸ்டெல்லாவுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "கடிகாரக் கணக்குல ஒரு எழுத்துகூட அடிக்கல, மவுஸ் மட்டும் ஆடியிருக்கு. யார ஏமாத்துறீங்க?" என்றார் கம்பெனிக்காரர்.

நான் வாயைத் திறந்தேன். ஸ்டெல்லா கைகாட்டி அடக்கினாள். "நான்தான் சார் ஆட்டுனேன். தப்புதான்."

வேலை இந்த மாதத்தோடு போதும் என்று போனை வைத்துவிட்டார்.

"ஏம்மா, கெழவன் பண்ணுன கூத்துன்னு சொல்லிருக்கலாம்ல?"

"அந்தக் கம்ப்யூட்டர வேற ஆள் தொட்டா இன்னும் பெரிய குத்தம் மாமா. அப்புறம் யாருமே வேலை தரமாட்டாங்க."

அவள் கொல்லையில் நடந்ததுதான் வேலை. அது எந்தக் கணக்கிலும் இல்லை. நான் செய்த திருட்டு மட்டும் அவள் பேரில் ஏறியிருக்கிறது.

ராத்திரி, "சாப்பிடுங்க மாமா" என்றாள். அவள் வேலை செய்கிற அறைக்கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். இப்போதுதான் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.