ஐந்தாவது ஆள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "அப்பாவைத் தூக்க அந்தக் குழாய்க்காரர்தான் கிடைச்சாரா? ஊர்ல வேற ஆளே இல்லையா?" என்றாய். நான் வாயெடுப்பதற்குள் நீ அழ ஆரம்பித்தாய். நானும் அழுதேன். அங்கே குழந்தையும் அழுதது. மூன்று பேரும் அழுது முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. எழுதினால் குறுக்கே யாரும் அழ மாட்டார்கள் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

மார்க்கெட்டில் நடந்த கலவரம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ரோட்டோரக் கடைகளை எடுக்கச் சொன்னார்கள். எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து முதல் கல் வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஒரு துணிக்கடை எரிந்தது. சுமை தூக்குகிறவர் ஒருவருக்குக் கண் போய்விட்டது. அன்று சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது: நாலு பேருக்கு மேல் எங்கேயும் கூடக் கூடாது, ஊர்வலம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, மீறினால் கேஸ்.

உத்தரவை ஊருக்குச் சொல்ல வேண்டுமே? போலீஸ் ஜீப்பில் இருந்த மைக் வேலை செய்யவில்லை. உன் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். நம் கடை மைக் செட்டை ஜீப்பில் கட்டி, முன் சீட்டில் உட்கார்ந்து, தெருத் தெருவாக அவரேதான் வாசித்துக்கொண்டு போனார். எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற குரல் வேறு, கட்சிக் கூட்டத்துக் குரல் வேறு என்று பிரித்து வைத்திருந்தாரே, அன்றைக்கு இரண்டும் இல்லாத ஒரு குரல். "பொதுமக்கள் தயவுசெய்து ஒத்துழைக்க வேண்டும்" என்ற இடத்தில், எழுதிக் கொடுத்த தாளில் இல்லாத "தயவுசெய்து"வை இவராகச் சேர்த்துக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஊரே அடங்கிப் போனது. இத்தனை வருஷம் சத்தம் போட்டுச் சம்பாதித்த மனுஷன், கடைசியில் சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ரோட்டில் தடுப்புப் போட்டு மறித்ததால் கடைக்குப் போக வழியில்லை. வீட்டிலேயே இருந்தார். என் பின்னாலேயே சமையல்கட்டுக்கு வந்து, வெங்காயத்தை இப்படி நறுக்கு அப்படி நறுக்கு என்று பிடுங்கி எடுத்தார். மூன்றாம் நாள் காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது. மேல்வீட்டு நர்ஸ் ஓடி வந்து நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவரு போய்ட்டாரு" என்றாள். அவ்வளவுதான். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகளே. இதில் உனக்குப் போனில் சொல்லாதது எதுவும் இல்லை.

உனக்கு விமானம் கிடைக்காது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. உன் மாமா பக்கத்து ஊரிலிருந்து கிளம்பி, பாலத்தில் மறித்ததால் திரும்பிப் போனார். ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் இடமில்லை. அதனால் அன்றைக்கே அடக்கம் பண்ண அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்கு நானே போனேன். வழியில் மறித்தால் காட்ட நர்ஸிடம் ஆஸ்பத்திரி பாஸ் இருந்தது, அவள் துணைக்கு வந்தாள்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. எழுந்து நின்றுதான் என்னிடம் பேசினார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அனுமதி வாங்க அப்பா போவாரே, அந்தப் பழக்கம். "எத்தனையோ தடவை சவுண்டைக் குறைங்கன்னு சண்டை போட்டிருக்கேம்மா" என்றார். பிறகு, நாலு பேர் கொண்டு போகலாம், அதற்கு மேல் ஒருவருக்கும் அனுமதி கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். "தூக்கவே நாலு பேர் வேணுமே ஐயா, கூட நடக்க?" என்று கேட்டேன். தூக்குகிறவர்கள் மட்டும் போகட்டும் என்றார். வண்டி கேட்டேன். வண்டியில் போனால் டிரைவரும் கணக்கில் வருவார் என்றார். அப்போது பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் தலையைத் தூக்கி, "சார், இறந்தவரையும் சேர்த்தா அஞ்சு ஆகுதுங்களே?" என்று நிஜமாகவே கேட்டார். இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இதை உன் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை நான் சரியாக அழவே இல்லை. அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துதான் அழுதேன்.

யார் யார் தூக்கினார்கள் என்று கேட்டாய். கடை வேலையாள் ஒருவர், நீ 'வயர் அண்ணன்' என்று கூப்பிடுவாயே, அவர். கீழ்வீட்டுத் தையல்காரர். மேல்வீட்டு நர்ஸ். நாலாவது நான். பொம்பளை தூக்குவதா என்று கேட்க அங்கே ஆளும் இல்லை. மற்ற ஆண்கள் ஏன் வரவில்லை என்று கோபப்படாதே. கலவரக் கேஸில் கண்ணில் பட்டவனையெல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லா வீட்டிலும் ஆண்பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். கதவுக்குக் கதவு ஆட்கள் நின்று கும்பிட்டார்கள் என்று உனக்கு எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நம் தெருவில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அவர் பந்தல் கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டினாரோ, அந்த வீடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனோம். எங்கள் நாலு பேர் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

நர்ஸ் கிளினிக்கிலிருந்து கொண்டு வந்த இரும்பு ஸ்ட்ரெச்சர். அப்பா கனமான மனுஷன், உனக்குத் தெரியாததா? தண்ணீர்த் தொட்டி வளைவு வரைக்கும் சமாளித்துவிட்டேன். அங்கே மேடு. என் கை மரத்துப் போய்விட்டது. பிடி நழுவியது. ஸ்ட்ரெச்சர் என் பக்கம் சாய்ந்தது. அந்த நேரத்தில் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர் வெளியே வந்தார். வந்தவர் என் கைக்குப் பக்கத்தில் தன் கையைக் கொடுத்துத் தூக்கினார். நிமிர்ந்து பார்த்தேன். குழாய்க்காரர்.

உனக்கு அவர் மேல் உள்ள கோபம் நியாயம்தான். அப்பாவும் அவரும் ஒன்றாக மைக் செட் கடை வைத்து, ஒரு ஆம்ப்ளிஃபையருக்காகப் பிரிந்து, நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து முகம் பார்க்காதவர்கள். நேரம் தாண்டி இவர் குழாய் பாடினால் அவர் ஸ்டேஷனில் புகார் கொடுப்பார், அவர் குழாய் பாடினால் இவர் கொடுப்பார். பொது அமைதியைக் கெடுத்ததாக இரண்டு பேரும் மாறி மாறி அபராதம் கட்டியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் இவர்களுக்கு மாமியார், மருமகள் என்றே பெயராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முக்கில் தடுப்புப் போட்டு நின்ற கான்ஸ்டபிள், "அஞ்சு பேர் இருக்கீங்க, ஒருத்தர் திரும்பிப் போங்க" என்றார். நான் கையை எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லை. குழாய்க்காரர் அமைதியாகத்தான் சொன்னார்: "அவங்க சம்சாரம். அவங்களைப் போகச் சொல்ல முடியாது. நான் விட்டா இவன் கீழ விழுந்துடுவான். கேஸ் எழுதிக்கங்க சார்." கான்ஸ்டபிளுக்கும் வேறு வழி தெரியவில்லை. பெயர், வயது, விலாசம் கேட்டு எழுத ஆரம்பித்தார். தையல்காரர் பொறுக்க முடியாமல், "நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் நாங்க தூக்கிட்டே நிக்கணுமா?" என்றார். அதற்குப் பிறகு வேகமாக எழுதினார். எழுதி முடித்ததும் தொப்பியைக் கழற்றி, தடுப்பை அவரே நகர்த்திவிட்டார்.

குழியில் இறக்கும்போதும் குழாய்க்காரர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மண் போட்டார். கையைத் தட்டிக்கொண்டார். போய்விட்டார்.

போன வாரம் அவருடைய கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. நீ போன் பண்ணியபோது நான் வெளியே போயிருந்தேன் என்றேனே, அங்கேதான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அவர் மட்டும் தனியாகப் போய் நிற்பார் என்று தெரியும், அவருக்கும் வீட்டில் யாரும் இல்லை. அதனால் போனேன். மாஜிஸ்திரேட் ஒரு பெண். உத்தரவு தெரிந்துதான் மீறினீர்களா என்று கேட்டார். "தெரியும்மா. நல்லாத் தெரியும். அவன் குரல்லதான் கேட்டேன்" என்றார் குழாய்க்காரர். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. அரசு வக்கீல் எடுத்துச் சொன்னார். அந்த அம்மா கேஸ் தாளை இன்னொரு தடவை படித்தார். பிறகு மாஜிஸ்திரேட், சட்டம் சட்டம்தான், குற்றத்தை ஒப்புக்கொண்டதால் கோர்ட் கலையும் வரைக்கும் இங்கேயே இருக்க வேண்டும், அதுதான் தண்டனை என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் வரைக்கும் அந்த ஹாலில் கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தண்டனை ஒன்றும் இல்லை, ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை. யார் யாரோ வந்தார்கள், பைக் கேஸ், குடித்துவிட்டுக் கலாட்டா செய்த கேஸ், வேலிச் சண்டை. இடைவேளையில் வராந்தாவில் டீ வாங்கிக் கொடுத்தார். அப்போதுதான் சொன்னார். தினமும் காலையில் உன் அப்பா கடையைத் திறந்ததும் 'ஹலோ, ஹலோ' என்று மைக்கைச் சோதிப்பாராம், அது வளைவைத் தாண்டி அவர் கடைக்கும் கேட்குமாம். "அதைக் கேட்டாலே தெரிஞ்சிடும். சளி பிடிச்சிருக்கா, உங்ககூடச் சண்டை போட்டுட்டு வந்திருக்கானா, எல்லாம் தெரிஞ்சிடும். மைக் கூடாதுன்னு ஆனதும் ஒண்ணும் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா வீட்டுக்கே வந்திருப்பேன்" என்றார். வந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் உடைந்தது. டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன், இத்தனை நாளில் எனக்குப் பொழுது போனது அந்த ஒரு நாள்தான்.

உத்தரவை விலக்கிய பிறகு எல்லோரும் வந்தார்கள். வரவில்லை என்று சொல்லக் கூடாது. ஒவ்வொருவரும் அன்றைக்கு ஏன் வர முடியவில்லை என்று காரணம் சொல்லி அழுதார்கள். பரவாயில்லை, பரவாயில்லை என்று நான்தான் அவர்களைத் தேற்றி அனுப்பினேன். பிறகு அவரவர் வேலை அவரவர்க்கு. இப்போது நான் வாய்விட்டு ஏதாவது சொன்னால், எனக்கே அது சத்தமாகக் கேட்கிறது. டிவியைப் போட்டு வைக்கிறேன். அதில் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். கடையை வயர் அண்ணன் பார்த்துக்கொள்கிறார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழாய்க்காரருக்கு ஒரு போன் பண்ணு. என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தயங்காதே. உனக்குப் பேச்சு வந்த புதிதில் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டாய், அவர் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். நன்றி என்றெல்லாம் சொல்ல வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. சாப்பிட்டீங்களா என்று கேள், போதும். அவரிடம் அதைக் கேட்க யாரும் இல்லை.

நீ வருவதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. லீவு கிடைக்கும்போது வந்தால் போதும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு அலையாதே. உன் அறையைப் பெருக்கி, போர்வை துவைத்துப் போட்டிருக்கிறேன். அது எனக்கு வேலை இல்லாமல் செய்தது, நீ வர வேண்டும் என்பதற்காக இல்லை. வீடு நிறைய ஆளும் பேச்சுமாக நீ நெடுநாள் வாழ வேண்டும்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா