அட்டைக்குப் பின்னால்

பிப்ரவரி 26, புதன்

புது ஊர், புது வேலை, புது வீடு. வீடு என்பதே அதிகம். ஓர் அறை, ஒரு ஜன்னல், தலைக்கு மேலே மாடிக்காரர் நாற்காலி இழுக்கும் சத்தம். காது டாக்டரிடம் வேலை. நோயாளிகளைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் கேட்கும் திறனைச் சோதிப்பது என் பொறுப்பு.

இங்கே எனக்குத் தெரிந்த ஒரே ஜீவன் வாயாடி. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டாள் என்று நான் வைத்த பெயர். அவள் எனக்கு வைத்தது உம்மணாமூஞ்சி. இப்போது இந்த ஊர் மழலையர் பள்ளியில் டீச்சர். "சனிக்கிழமை முழுக்க நீ எனக்குத்தான். வேலை கீலைன்னு சொன்னே, கொன்னுடுவேன்" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாள். எல்லாம் எழுத்துதான்.

மார்ச் 1, சனி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அவசரமே இல்லாத நாளாகத்தான் ஆரம்பித்தது. ஏரிக்கரையில் நடந்தோம், பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்தோம். பழைய புத்தகக் கடையில் அவள் ஒரு படப்புத்தகத்துக்குப் பேரம் பேசிக் கடைக்காரரையே சிரிக்க வைத்தாள். எந்தக் கடையில் செருப்பு மலிவு, எந்த பஸ்ஸில் ஏறக் கூடாது, தலைமையாசிரியை எப்படி மூக்கைச் சுளிப்பார் என்று ஓயாமல் பேச்சு. பழையபடியே இருக்கிறாளே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் நான் எந்தப் பக்கம் போனாலும் சுற்றி வந்து என் இடது பக்கமே நின்றாள். நான் சொன்ன நகைச்சுவைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள். பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்து அடித்து அலுத்துப்போனது; நான் கையைப் பிடித்து இழுத்த பிறகே விலகினாள். இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்க்கிறேன். இவளிடம் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

காபிக் கடையில் உட்கார்ந்ததும் விலை அட்டையைக் கையில் எடுத்தேன். அதை வைத்து வாயை மறைத்துக்கொண்டு, மெதுவாக, "உனக்கு என்ன வேணும்?" என்றேன். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவர்களைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்வது இதைத்தான். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது.

"ஆமாமா" என்று தலையாட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லையே! அட்டையை இறக்காமல் இன்னொன்றும் கேட்டேன்: "இன்னிக்கு என்ன கிழமை?" முதல் தடவை பழக்கம். இரண்டாவது தடவை தெரிந்தேதான் செய்தேன்.

அவள் ஒற்றை விரலால் அட்டையைக் கீழே இறக்கினாள். இந்த வித்தையை விடுதியில் நானே அவளிடம் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

"டெஸ்ட் பண்றியா என்னை?"

"இல்லடி, சும்மா—"

"ஊர் சுத்திக் காட்டலாம்னு ஆசையா கூட்டிட்டு வந்தேன். நீ என்னை பேஷன்ட் ஆக்கிட்டே."

படப்புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மார்ச் 5, புதன்

ஏன்டி உம்மணாமூஞ்சி, அப்படிச் செஞ்சே? நேரா கேட்டா உன் வாய் என்ன வெந்தா போயிடும்? "உனக்குக் காது சரியா கேக்கலையா"ன்னு ஒரு வார்த்தை. அதுக்குத் துப்பில்லை, அட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டே.

எனக்குப் பயம். அவ்வளவுதான். அவள் "ஆமாம்" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

அன்று ஏன் அப்படிப் பேசிக்கொண்டே இருந்தாள் என்பது இப்போதுதான் புரிகிறது. பேசுகிற வரைக்கும் எதையும் கேட்க வேண்டியதில்லை. பாவி, எவ்வளவு களைத்திருப்பாள்.

மார்ச் 9, ஞாயிறு

கதவைத் திறந்தால் வாயாடி நிற்கிறாள். உள்ளே வந்து, கேட்காமலே என் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் எதிரே, வெளிச்சத்தில் முகம் தெரியும்படி உட்கார்ந்தேன்.

"கதை சொல்ற நேரத்துல ஒரு குழந்தை வந்து என் காதுல ரகசியமா என்னவோ சொல்லிச்சு. நானும் சிரிச்சுத் தலையாட்டினேன். கொஞ்ச நேரத்துல உட்கார்ந்த இடத்துலயே நனைச்சுக்கிச்சு. பாத்ரூம் போகணும்னு சொல்லியிருக்குடி. 'டீச்சர்கிட்ட சொன்னேனே'ன்னு அப்படி அழுதுச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. எனக்கு வேற என்னடி தெரியும்?" என்றாள். பிறகு அழுதாள். நானும்தான். படப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெளியில யார்கிட்டயும் போக மாட்டேன். நீயே பாரு."

மார்ச் 12, புதன்

வேண்டியவர்களை நாங்களே சோதிப்பது வழக்கமில்லை. டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். அவளைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, பட்டனைக் கையில் கொடுத்தேன். "சின்னதா சத்தம் வந்தாலும் அழுத்து" என்றேன். வலது காதில் ஆரம்பித்தேன். அழுத்தினாள். சில இடங்களில் தயங்கினாள், ஆனால் அழுத்தினாள்.

பிறகு இடது காது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அவள் விரல் பட்டன் மேலேயே இருந்தது. கவனமாக, பரீட்சை எழுத வந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி, இன்னும் ஆரம்பிக்கலையா?"

நான் ஆரம்பித்து வெகுநேரமாகியிருந்தது.

மார்ச் 15, சனி

இடது காது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலதும் குறைந்துகொண்டே வருகிறதாம்; அதற்குக் காது மெஷின் சொல்லியிருக்கிறோம். தலைமையாசிரியையிடம் அவளே போய்ச் சொன்னாளாம். "மெஷின் வரட்டும், பார்க்கலாம்" என்றாராம். அந்தப் 'பார்க்கலாம்' பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

மறுபடி ஏரிக்கரை. பெஞ்சில் உட்கார்ந்ததும் என் தோளைப் பிடித்துத் தன் வலது பக்கம் நகர்த்தினாள்.

"இந்தப் பக்கம் உட்காரு. இன்னிக்கு நீ பேசு, நான் கேக்கிறேன். இந்தக் காது இருக்கிற வரைக்கும் கேட்டுக்கிறேன்."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது. மாடிக்காரர் நாற்காலியைப் பத்திப் பேசு."

பேசினேன். வெயில் தாழும் வரை பேசிக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், என் உதட்டைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும்போது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.